ஃபைட்டர் மீனுக்கு எவ்வளவு இடம் வேண்டும்? முதன்முறை வளர்ப்பவர்களுக்கான வழிகாட்டி

அலங்கார மீன் கடைகளில் மற்ற மீன்களெல்லாம் தொட்டிகளில் கூட்டமாக நீந்திக்கொண்டிருக்க, ஃபைட்டர் மீன்கள் மட்டும் அலமாரியில் வரிசையாக அடுக்கிய பிளாஸ்டிக் கோப்பைகளில் ஒவ்வொன்றாகத் தனித்து நிற்பதைப் பார்த்திருப்பீர்கள். "இதுக்கு ஃபில்டர் வேண்டாம், மோட்டார் வேண்டாம், ஒரு கண்ணாடி பாட்டில் போதும்" என்று கடையில் சொல்வார்கள். விலையும் குறைவு, மேசை மீது வைக்க இடமும் இருக்கிறது என்று எண்ணி வாங்கி வருகிறோம். இப்படிச் சிறிய பாத்திரத்தில் ஒரு மீனை ஆயுள் முழுவதும் வைத்திருப்பது சரியா என்ற கேள்வி, பெரும்பாலும் மீன் இறந்த பிறகுதான் மனத்தில் எழுகிறது. அதை வாங்குவதற்கு முன்பே கேட்டுக்கொள்ள வேண்டும் என்பதற்காகவே இதை எழுதுகிறேன்.

என் பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கோப்பையிலும் பாட்டிலிலும் ஃபைட்டர் மீன் சில மாதங்கள் உயிரோடு இருக்கும், ஆனால் நலமாக இருக்காது. நான் முதலில் வளர்த்த நீல நிற ஆண் மீன் இரண்டு லிட்டர் கண்ணாடி ஜாடியில்தான் இருந்தது. நாளின் பெரும்பகுதி அடியில் போட்டிருந்த கூழாங்கற்கள் மீது துடுப்புகளை உடலோடு ஒட்டி வைத்துக்கொண்டு கிடக்கும், மூச்செடுக்க மட்டும் மேலே வந்து ஒரு குமிழை விட்டுவிட்டுத் திரும்பவும் அடியில் போய்ப் படுக்கும். அது அந்த மீனின் சுபாவம் என்று நினைத்துக்கொண்டேன். ஒரு மே மாதப் பகலில் ஜன்னல் வெயில் ஜாடி மீது விழுந்திருந்ததை நான் கவனிக்கவில்லை. மாலையில் கையை விட்டுப் பார்த்தபோது தண்ணீர் வெதுவெதுப்பாக இருந்தது, மீன் பக்கவாட்டில் சாய்ந்து மிதந்தது. அடுத்த மீனை ஒன்றரை அடித் தொட்டியில் விட்ட முதல் மாலையில், அது ஒவ்வொரு செடியையும் சுற்றிப் பார்த்து, இலைகளின் அடிப்புறத்தை மூக்கால் தொட்டு, தொட்டியின் நான்கு மூலைகளுக்கும் போய்வந்து, இரவில் அகலமான இலை ஒன்றின் மீது சாய்ந்து உறங்கியதைப் பார்த்த பிறகுதான், நான் சுபாவம் என்று நினைத்தது அந்த ஜாடி தந்த முடக்கம் என்று புரிந்தது.

கோப்பையில் ஏன் உடனே சாவதில்லை

ஃபைட்டர் மீனின் தலைக்குள் செவுள்களுக்கு மேலே லேபிரிந்த் உறுப்பு என்ற ஒன்று இருக்கிறது. மடிப்பு மடிப்பாக அமைந்த அந்தத் திசுவின் உதவியால் மீன் நீர்ப்பரப்புக்கு வந்து வாயால் காற்றை எடுத்து, அதிலுள்ள ஆக்சிஜனை இரத்தத்தில் சேர்த்துக்கொள்கிறது. நம் ஊர் ஏரிகளிலும் வயல்களிலும் உள்ள பனையேறிக் கெண்டைக்கும் இதே உறுப்புதான் உண்டு, தண்ணீரை விட்டு வெளியே வந்தும் அது வெகுநேரம் உயிரோடிருப்பது அதனால்தான். எனவே அசைவற்ற அரை லிட்டர் தண்ணீரில் மற்ற மீன்கள் மூச்சுத் திணறிச் செத்துவிடும் நிலையிலும் ஃபைட்டர் தாக்குப்பிடிக்கிறது. கடைக்காரர் சொல்வதில் இவ்வளவு உண்மை இருக்கிறது.

ஆனால் மூச்சு மட்டுமே மீனின் தேவை இல்லை. மீன் தன் கழிவில் பெரும்பகுதியை அம்மோனியாவாகச் செவுள் வழியே வெளியேற்றுகிறது. தின்னாமல் விட்ட தீனியும் மலமும் அழுகி மேலும் அம்மோனியாவைச் சேர்க்கின்றன. அரை லிட்டர் கோப்பையில் ஒரு நாளில் சேரும் கழிவை 20 லிட்டர் தண்ணீரில் கலந்தால் அதன் அடர்த்தி நாற்பதில் ஒரு பங்காகிவிடும், ஆனால் கோப்பையில் அத்தனையும் மீனின் செவுளைச் சுற்றியே நிற்கிறது. அம்மோனியா செவுள்களையும் தோலையும் அரிக்கும் பொருள். காற்றைக் குடித்து உயிர்வாழும் மீனுக்கும் அதன் எரிச்சலிலிருந்து தப்ப வழியில்லை. தண்ணீரின் காரத்தன்மையும் இதில் சேர்ந்துகொள்கிறது. பிஹெச் அளவு 7 இலிருந்து 8 ஆக உயர்ந்தால், அம்மோனியாவில் நச்சான வடிவத்தின் பங்கு ஏறக்குறைய பத்து மடங்காகிறது. காரத்தன்மை கூடிய ஆழ்துளைக் கிணற்று நீர் வரும் வீடுகளில், பாட்டிலில் வைத்த மீன் எந்த நோயும் வெளியே தெரியாமல் இறப்பதற்குப் பல சமயம் இதுவே காரணம்.

வெப்பமும் அப்படித்தான். சிறிய பாத்திரத்துத் தண்ணீர் வெயிலில் சீக்கிரம் சூடாகி இரவில் சீக்கிரம் குளிர்ந்துவிடும். குளிர்சாதன அறையில் வைத்த பாட்டிலின் நீர் ஒரே இரவில் பல பாகை இறங்கிவிடுகிறது. 24 முதல் 28 பாகை செல்சியசில் நிலையாக இருக்க வேண்டிய மீனுக்கு இந்த ஏற்ற இறக்கம் தினந்தோறும் நடக்கும் தண்டனை.

வயல் மீன் என்ற வாதம்

சிறிய பாத்திரத்தை நியாயப்படுத்துபவர்கள் எப்போதும் முன்வைக்கும் வாதம் ஒன்று உண்டு. தாய்லாந்தில் இந்த மீன் வயல் சேற்றிலும் எருமைக் குளம்படியில் தேங்கிய நீரிலும் வாழ்கிறது, ஆகவே கோப்பை அதற்கு இயல்பான இடம்தான் என்பார்கள். ஃபைட்டரின் தாயகம் தாய்லாந்தின் சமவெளி என்பது உண்மை. அங்கே அதற்குக் கடிக்கும் மீன் என்ற பொருளில் 'பிளா கட்' என்று பெயர். 1910இல் சார்லஸ் டேட் ரீகன் அதற்கு பெட்டா ஸ்ப்ளெண்டன்ஸ் என்று அறிவியல் பெயர் சூட்டினார். 2019இல் தாய்லாந்து அரசு அதைத் தேசிய நீர்வாழ் உயிரினமாக அறிவித்தது. ஆனால் அது வாழும் வயலும் சதுப்பும் ஆழம் குறைந்தவையே தவிர சிறியவை அல்ல. முழங்கால் அளவுத் தண்ணீர் ஏக்கர் கணக்கில் பரந்து கிடக்க, செடிகளுக்கு இடையே ஒவ்வொரு ஆண் மீனும் தனக்கென ஓர் எல்லையை வைத்துக்கொள்கிறது. அந்த எல்லைக்குள் இன்னொரு ஆண் வந்தால், தோற்றது ஓடிப் போக இடமிருக்கிறது. கோடையில் நீர் வற்றிக் குட்டையில் சிக்கிக்கொள்ளும் மீன் மழை வரும்வரை தாக்குப்பிடிப்பது உண்மைதான், ஆனால் அது அதன் வாழ்வின் மிகக் கடினமான காலம். அந்தக் கடினமான காலத்தை ஆண்டு முழுவதும் நீட்டிவைத்துவிட்டு அதை இயல்பு என்று சொல்லக் கூடாது.

மீனுக்கு இதெல்லாம் உறைக்குமா என்று கேட்பவர்களும் இருக்கிறார்கள். 2003இல் ஸ்காட்லாந்தில் லின் ஸ்நெடன் என்ற ஆய்வாளரும் அவருடைய குழுவினரும் வானவில் ட்ரவுட் மீன்களின் முகத்தில் வலியை உணரும் நரம்பு முனைகள் இருப்பதைக் காட்டினார்கள். உதட்டில் அமிலம் செலுத்தப்பட்ட மீன்கள் தீனியை ஒதுக்கிவிட்டுத் தொட்டியின் சரளைக் கற்களில் உதட்டைத் தேய்த்துக்கொண்டன. ட்ரவுட் வேறு, ஃபைட்டர் வேறு என்றாலும், மீனுக்கு வலி தெரியாது என்ற துணிவோடு எந்த முடிவையும் எடுக்க எனக்கு மனம் வரவில்லை.

ஒரு நியாயத்தையும் இங்கே சொல்லியாக வேண்டும். சென்னை கொளத்தூர் போன்ற இடங்களில் வண்ண மீன் வளர்த்து விற்பவர்கள், ஆண் குஞ்சுகள் ஒன்றையொன்று கடிக்கத் தொடங்கியதும் அவற்றைத் தனித்தனிப் பாட்டில்களில் பிரித்து வைப்பதைத் தவிர வேறு வழி இல்லாதவர்கள். பொறுப்பான வளர்ப்பாளர்கள் அந்த நீரை அடிக்கடி மாற்றுகிறார்கள், மீனும் அங்கே சில வாரங்களே இருக்கிறது. பயணத்துக்கும் நோய்ச் சிகிச்சைக்கும் சிறிய பாத்திரம் தேவைதான். அந்தத் தற்காலிக ஏற்பாட்டை நாம் வீட்டில் நிரந்தர வீடாக்கிவிடுவதே தவறு.

முதலில் தொட்டி, பிறகுதான் மீன்

ஒரு ஃபைட்டருக்கு 20 லிட்டர் என்பதை அடிப்படை அளவாக வைத்துக்கொள்ளுங்கள். கடையில் தொட்டியை அடியிலும் அங்குலத்திலும்தான் சொல்வார்கள் என்பதால் கணக்கைத் தெரிந்துகொள்வது நல்லது. ஒரு கன அடி என்பது ஏறத்தாழ 28 லிட்டர். 15 அங்குல நீளம், 10 அங்குல அகலம், 10 அங்குல உயரம் கொண்ட தொட்டியில் மேலே ஓர் அங்குலம் விட்டு நிரப்பினால் 22 லிட்டர் வரும், அது போதும். அதே கொள்ளளவில் உயரமான தொட்டியும் நீளமான தொட்டியும் இருந்தால் நீளமானதை எடுங்கள். ஹாஃப்மூன், கிரவுன்டெயில் போன்ற நீண்ட துடுப்பு வகைகளுக்கு ஒவ்வொரு மூச்சுக்கும் அந்தப் பாரத்தைச் சுமந்துகொண்டு மேலே வருவது சிரமம். இடமில்லை என்றால் 10 லிட்டரில் வைக்கலாம், ஆனால் வாரத்துக்கு இருமுறை நீர் மாற்றும் ஒழுங்கு இருந்தால் மட்டும். ஐந்து லிட்டருக்குக் கீழே நிரந்தரமாக வைக்காதீர்கள். உருண்டைக் கண்ணாடிக் கிண்ணத்தையும் தவிர்த்துவிடுங்கள். இத்தாலியின் மோன்சா நகரம் மீன்களை அத்தகைய கிண்ணங்களில் வைப்பதை 2004இலேயே தடை செய்தது.

20 லிட்டர் தண்ணீரின் எடை 20 கிலோ, அதனுடன் கண்ணாடியும் கற்களும் சேரும். ஆகவே ஆடாத மேசையைத் தேர்ந்தெடுங்கள். நேர் வெயில் விழாத, ஏசியின் காற்று நேராகப் படாத, கொசுவர்த்திப் புகையும் சாம்பிராணிப் புகையும் சூழாத இடமாக அது இருக்க வேண்டும். நீர்ப்பரப்புக்கு மேலுள்ள காற்றைத்தான் மீன் உள்ளிழுக்கிறது என்பதால் கடைசியாகச் சொன்னது முக்கியம். தொட்டிக்கு மூடி கட்டாயம். ஃபைட்டர் நன்றாகக் குதிக்கும், குறிப்பாகத் துடுப்பு குட்டையான பிளாகாட் வகை. காற்றுக்குச் சிறு இடைவெளி விட்டால் போதும்.

ஃபில்டரில் விலை குறைந்த ஸ்பாஞ்ச் ஃபில்டரே இந்த மீனுக்கு ஏற்றது. சிறிய ஏர் பம்ப்புடன் இணைத்து, காற்றின் வேகத்தைக் குறைத்து வையுங்கள். ஓட்டம் பலமாக இருந்தால் நீண்ட துடுப்புள்ள மீன் நாளெல்லாம் எதிர்நீச்சல் போட்டுக் களைத்துவிடும். பிளாஸ்டிக் செடிகளின் கூரிய முனைகள் துடுப்பைக் கிழிப்பதால், வேலம்பாசி, அனுபியாஸ், ஜாவா ஃபெர்ன் போன்ற உயிருள்ள செடிகளை வையுங்கள். காய்ந்து விழுந்த நாட்டு வாதாம் மர இலை ஒன்றைக் கழுவிப் போட்டால் தண்ணீர் மெல்லிய தேநீர் நிறமாகும். அது அழுக்கு இல்லை, இந்த மீனின் தாயக நீரும் பல இடங்களில் அப்படித்தான் இருக்கும்.

தண்ணீரைப் பழக்குதல்

புதியவர்கள் அநேகமாக எல்லோரும் தவறவிடும் படி இதுதான், என் கருத்தில் மற்ற எல்லாவற்றையும்விட முக்கியமான படியும் இதுதான். தொட்டியில் அம்மோனியாவை நைட்ரைட்டாகவும், நைட்ரைட்டை நைட்ரேட்டாகவும் மாற்றும் பாக்டீரியாக்கள் இரண்டு கட்டமாக வளர வேண்டும். அவை ஃபில்டரின் ஸ்பாஞ்சிலும் கற்களிலும் படிந்து பெருகுவதற்கு வழக்கமாக நான்கு முதல் ஆறு வாரங்கள் ஆகும். இந்தக் காலத்தில் மீன் இல்லாமல் ஃபில்டரை ஓடவிட்டு, அம்மோனியா உண்டாவதற்காகத் தினமும் ஒரு சிட்டிகை மீன் தீனியைப் போட்டு வாருங்கள். ஆரோக்கியமாக ஓடிக்கொண்டிருக்கும் தொட்டி வைத்திருக்கும் நண்பர் இருந்தால் அவருடைய பழைய ஸ்பாஞ்சை வாங்கி வந்து போடுங்கள், காத்திருக்கும் காலம் வெகுவாகக் குறையும். சோதனைக் கிட் ஒன்றை வாங்கி அம்மோனியாவும் நைட்ரைட்டும் பூஜ்ஜியமாகவும் நைட்ரேட் சிறிதளவும் காட்டினால் தொட்டி தயார். மீனின் விலையைவிடக் கிட்டின் விலை கூடுதலாக இருக்கும், அதற்காகத் தயங்காதீர்கள்.

நகராட்சிக் குழாய் நீரிலும் லாரித் தண்ணீரிலும் குளோரின் இருக்கும். ஆன்டி குளோரின் சொட்டு மருந்தை அளவாகக் கலந்த பிறகே அந்த நீரைத் தொட்டியில் ஊற்ற வேண்டும். ஆர்ஓ நீரை மட்டுமே நிரப்புவதும் தவறு, அதில் மீனுக்குத் தேவையான தாதுக்கள் இல்லை. போர் தண்ணீர் மிகவும் கடினமாக இருந்தால் அதனுடன் பாதியளவு ஆர்ஓ நீர் கலந்து, எப்போதும் அதே விகிதத்தைக் கடைப்பிடியுங்கள்.

கடையில் மீனைத் தேர்ந்தெடுத்தல்

கோப்பைக்கு அருகில் விரலைக் கொண்டு போனால் நல்ல மீன் திரும்பிப் பார்க்கும், சில சமயம் செவுள் மூடியை விரித்துக் கோபமும் காட்டும். துடுப்பு ஓரங்கள் கருகியோ வெண்பஞ்சு படிந்தோ இருந்தால், வயிறு ஊதிச் செதில்கள் நிமிர்ந்து நின்றால், உடலில் உப்புத் தூவியது போல வெண்புள்ளிகள் இருந்தால் வாங்காதீர்கள். இரண்டு குருணைத் தீனி போட்டுக் காட்டச் சொல்லுங்கள்.

இங்கே மனத்தைத் தொடும் ஒரு சங்கடம் வரும். மூலையில் மங்கிய நீரில் சோர்ந்து கிடக்கும் மீனைப் பார்த்ததும், இதையாவது காப்பாற்றுவோம் என்று தோன்றும். அந்த இரக்கத்தை நான் மதிக்கிறேன், நானும் அப்படி வாங்கியிருக்கிறேன். ஆனால் நாம் காசு கொடுத்ததும் காலியாகும் கோப்பையில் மறுநாளே இன்னொரு மீன் வந்து அமர்கிறது. நீரை மாற்றி மீன்களைப் பராமரிக்கும் கடையைத் தேடிப்போய் வாங்குவதும், மற்ற கடையில் நீரை மாற்றச் சொல்லி நேரில் கேட்பதும் அந்த மீன்களுக்குக் கூடுதல் உதவி.

வீட்டுக்கு வந்த பிறகு

பையை மூடியபடியே தொட்டி நீரில் கால் மணி நேரம் மிதக்க விட்டு வெப்பத்தைச் சமப்படுத்துங்கள். பிறகு பையைத் திறந்து, பாதி நீரைக் கொட்டிவிட்டு, பத்து நிமிடத்துக்கு ஒருமுறை அரை டம்ளர் தொட்டி நீரைச் சேருங்கள். அரை மணி நேரம் கழித்து மீனை மட்டும் வலையால் எடுத்து விடுங்கள், கடை நீர் தொட்டிக்குள் போகக் கூடாது. அன்று விளக்கைப் போட வேண்டாம், தீனியும் வேண்டாம். ஓரிரு நாள் செடிகளுக்குள் ஒளிந்திருந்தால் கவலைப்படாதீர்கள்.

இந்த மீன் புழு பூச்சிகளைத் தின்னும் வகை. செடியின் வேரைத் தின்று வாழும் என்று சொல்லிப் பூச்சாடிக்குள் வைத்து விற்பது பொய். தரமான குருணைத் தீனி காலையில் இரண்டு மூன்று, மாலையில் இரண்டு மூன்று போதும். அதன் வயிறு ஏறக்குறைய அதன் கண்ணளவுதான் என்று மீன் வளர்ப்பவர்கள் சொல்வது நல்ல நினைவுக்குறிப்பு. வாரம் ஒருநாள் தீனி போடாமல் விடலாம். சுத்தமான நீரில் நீங்களே வளர்த்த கொசுப்புழுவைக் கொடுத்தால் துள்ளி வந்து பிடிக்கும், சாக்கடையில் எடுத்த புழு நோயைக் கொண்டுவரும்.

வாரம் ஒருமுறை கால் பங்கு நீரை அடிமண்ணிலுள்ள கழிவோடு உறிஞ்சி எடுத்து, அதே வெப்பத்தில் உள்ள புது நீரை ஊற்றுங்கள். தொட்டியை மொத்தமாகக் காலி செய்து சோப்புப் போட்டுக் கழுவும் பழக்கம் பல வீடுகளில் உண்டு, அது வளர்த்த பாக்டீரியாவை எல்லாம் கொன்று முதல் நாளுக்கே கொண்டுபோய் விட்டுவிடும். ஸ்பாஞ்சையும் தொட்டியிலிருந்து எடுத்த நீரில்தான் பிழிய வேண்டும். ஊட்டியிலும் கொடைக்கானலிலும் ஹீட்டர் இல்லாமல் முடியாது. சென்னையிலும் மதுரையிலும் அது டிசம்பர், ஜனவரி இரவுகளுக்கு மட்டும் தேவைப்படலாம், ஆனால் கோடையில் நீர் 30 பாகையைத் தாண்டினால் மூடியைச் சற்று விலக்கி, திறப்பில் வலை போட்டு, மின்விசிறிக் காற்று நீர்ப்பரப்பில் படும்படி செய்யுங்கள். இரண்டு ஆண்களை ஒருபோதும் ஒன்றாக விடாதீர்கள், பெண்ணையும் இனப்பெருக்கத்துக்குத் தவிர உடன் வைக்காதீர்கள்.

கண்ணாடியைக் காட்டி மீனைக் கோபப்படுத்தி வேடிக்கை பார்ப்பதையும் பழக்கமாக்க வேண்டாம். நீர்ப்பரப்பில் அது கட்டும் நுரைக்கூட்டைப் பார்த்து மகிழலாம், ஆனால் மோசமான நீரிலும் ஆண் மீன் கூடு கட்டும் என்பதால் அதை மட்டும் நலத்தின் அடையாளமாகக் கொள்ளாதீர்கள். துடுப்புகள் விரிந்திருக்கின்றனவா, நிறம் மங்காமல் இருக்கிறதா, உங்களைக் கண்டதும் முன்னால் வருகிறதா என்பதையே தினமும் பாருங்கள்.

ஏற்கெனவே பாட்டிலில் வைத்திருந்தால்

குற்ற உணர்வில் இன்றே பெரிய தொட்டி வாங்க ஓட வேண்டியதில்லை, அதற்குப் பணம் இல்லாமலும் இருக்கலாம். சோப்புப் படாத, சாப்பாட்டுப் பொருளுக்கு ஏற்ற 20 லிட்டர் பிளாஸ்டிக் வாளியோ அகன்ற டப்போ இன்று இரவுக்குப் போதும். பக்கவாட்டிலிருந்து பார்க்க அழகாக இருக்காது என்பதைத் தவிர, அழகான இரண்டு லிட்டர் ஜாடியைவிட அது மீனுக்கு எல்லா வகையிலும் மேல். குளோரின் நீக்கிய நீரை நிரப்பி, கொஞ்சம் வேலம்பாசியைப் போட்டு, அறை வெப்பத்துக்கு வர விடுங்கள். பாட்டிலின் பழைய நீரில் பாதியைக் கொட்டிவிட்டு, வாளி நீரை அரை டம்ளர் அரை டம்ளராக ஒரு மணி நேரம் சேர்த்து, பிறகு மீனை மட்டும் மாற்றுங்கள். ஸ்பாஞ்ச் ஃபில்டர் வாங்கிப் பழக்கும்வரை இரண்டு மூன்று நாளுக்கு ஒருமுறை மூன்றில் ஒரு பங்கு நீரை மாற்றி வாருங்கள். வளர்க்கவே முடியாது என்ற நிலை வந்தால் வேறு வளர்ப்பவரிடம் கொடுங்கள், ஏரியிலோ குளத்திலோ விட்டுவிடாதீர்கள், அயல்நாட்டு மீனும் அதன் நோயும் நம் நீர்நிலை மீன்களுக்குக் கேடு. வாளியின் வாயைக் கொசுவலைத் துணியால் மூடி, விளிம்பைச் சுற்றி நூலால் இறுக்கிக் கட்டிவிட்டுப் படுக்கப் போங்கள், புது இடத்தில் முதல் இரவில்தான் மீன் வெளியே குதிக்கும் ஆபத்து அதிகம்.